வாசிக்காமல் விட்ட பெயர்

பத்துமலைக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்றால் ஈப்போவின் புந்தோங்கில் யாரும் நம்பமாட்டார்கள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தொண்ணூற்றாறு கிலோ, விசிலே தேவைப்படாத குரல். ஒருமுறை சாரணர் முகாமில் கூடாரத்துக்குள் நாகம் புகுந்துவிட்டது. பிள்ளைகள் அலறிக்கொண்டு திடலின் மறுகோடிக்கு ஓடினார்கள். இவர் ஒரு கழியாலும் அரிசிச் சாக்காலும் அதைப் பிடித்துக் கட்டிவைத்து, தீயணைப்புக்காரர்கள் வந்து வாங்கிப் போகும்வரை அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அப்படிப்பட்ட மனிதர் வருடத்தில் ஒரு நாள் மட்டும் கைகால் பதறத் திரிவார். அது சுடர் வட்டத் தேர்தல் நடக்கும் நாள்.

சுடர் வட்டம் என்பது அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் சாரணர் சங்கத்துக்குள் இருக்கும் ஒரு சிறு குழு. அதில் சேர மதிப்பெண் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. ஒவ்வொரு படையிலும் பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். "நம்மில் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்?" என்ற ஒரே கேள்விதான். பெரியவர்கள் யாருக்கும் ஓட்டு இல்லை. படையில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய பிள்ளைகளின் கழுத்தில் ஒரு செம்மஞ்சள் கழுத்துத்துணி ஏறும். ஆசிரியர் கொடுக்கும் பரிசைவிட, அப்பா வாங்கித் தரும் போனைவிட, அந்தத் துணிக்காகப் பிள்ளைகள் ஏங்குவார்கள். கூடப் படிக்கிறவர்கள் கொடுப்பது அல்லவா?

பத்துமலை அந்தச் சங்கத்தின் செயலாளர். பிறந்தது பீடோர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, ரப்பருக்குப் பதில் செம்பனை எண்ணெய் மரம் நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அவருக்கு அப்போது பதினான்கு வயது. மோட்டார் பட்டறையில் கையாளாக, லோரியில் கிளீனராக இருந்து, பிறகு இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அதிகாலையில் புந்தோங்கிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கையுறைத் தொழிற்சாலையில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். சனி, ஞாயிறு சாரணர் வேலை. மனைவி விமலா கேலியாகச் சொல்வார்: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு சட்டைதான். ஒண்ணு பஸ், ஒண்ணு ஸ்கவுட்."

தேர்தல் நாளில் இந்த மனிதர் செய்கிற கூத்தைப் பற்றிப் பிள்ளைகள் சில வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஓட்டுப் போட்டதும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களின் சாவிகளை எல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். யாரும் திடலைவிட்டு வெளியே போகக்கூடாது. கடைக்கு ஓடக்கூடாது, ஆற்றுப் பக்கம் போகக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை தலைகளை எண்ணுவார். ஓட்டை எண்ணி முடித்த நொடியிலிருந்து பெயர்களை வாசிக்கும் நொடிவரை அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாசித்து முடித்ததும் யாருக்கும் தெரியாமல் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்த வருடமும் உண்டு.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. விமலாவுக்கும் தெரியாது.

2019ஆம் ஆண்டு செயலவைக்கு ஒரு புது ஆசை வந்தது. அதுவரை ஓட்டு எண்ணி முடித்த அன்றே, திடலிலேயே, பெயர்களைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வருடம் ஆண்டு விருந்தில் டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரைக் கூப்பிட்டு அவர் வாயால் அறிவிக்க வேண்டும் என்று முடிவானது. சங்கத் தலைவர் அர்ச்சுனன் மாஸ்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதில் பிடிவாதமாக இருந்தார். டத்தோ வெளிநாடு போனதால் விருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. வேறு ஏதோ கூட்டம் வந்ததால் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பெயர்ப் பட்டியல் ஒட்டிய உறைக்குள் பத்துமலையின் வீட்டில் இருந்தது. ஓட்டு எண்ணியவர்கள் மூன்றே பேர்: பத்துமலை, அர்ச்சுனன் மாஸ்டர், ஓர் ஆசிரியை. அந்த ஆசிரியை பிறகு ஜொகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

பட்டியலில் பீடோர்ப் படையின் தனேஷ் இருந்தான். பதினாறு வயது. படையில் அவனைத் தவிர முப்பத்தொன்பது பேர், அவனுக்கு விழுந்தது முப்பத்துநான்கு ஓட்டு. பத்துமலை செயலாளராக இருந்த காலத்தில் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தனேஷ் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், எனக்கு விழுந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்களேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

பத்துமலை வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். விருந்தன்று பையனின் முகம் எப்படி மலரும் என்று மனதுக்குள் அவருக்கு ஒரே குதூகலம்.

"டத்தோ வாயால கேட்டுக்க லா. அதுக்குள்ள என்ன அவசரம்? எங்க ஓடிப்போகப் போவுது?"

தனேஷ் லேசாகச் சிரித்துவிட்டுக் கயிறுகளைக் கொட்டகையில் வைக்கப் போனான்.

அடுத்த வியாழன் காலை, பள்ளிக்குப் போகும் வழியில், ஒரு சந்திப்பில் மணல் லோரி அவனுடைய மோட்டாரை இடித்தது. ஓட்டு எண்ணிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சாவு வீட்டுக்குப் பத்துமலை போனார். கூட்டத்தின் கடைசியில் நின்றார். தனேஷின் அம்மா புனிதாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தார். கால் நகரவில்லை. எட்டாம் நாள் சொல்லலாம் என்று நினைத்தார். பதினாறு முடியட்டும் என்று நினைத்தார். அதற்குள் விருந்து வந்தது. காலையில் அர்ச்சுனன் மாஸ்டர் போன் செய்தார்.

"அந்தப் பையன் பேரை எடுத்துடு, பத்துமலை. செத்தவன் பேர விருந்துல வாசிச்சா எல்லாரும் அழுதுகிட்டு உக்காந்திருப்பாங்க. டத்தோ முன்னால நல்லா இருக்காது."

பத்துமலை, "சரி மாஸ்டர்" என்றார். அச்சாகி வந்திருந்த தனேஷின் சான்றிதழையும் ஓட்டு விவரம் எழுதிய தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

அந்த "சரி மாஸ்டர்" அவரை விடவில்லை. புனிதா பீடோரில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் காய்களுக்கு உறை கட்டும் வேலை செய்கிறார் என்று தெரிந்த பிறகு அந்தத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் பழைய சாலையில் போவதையே பத்துமலை நிறுத்திவிட்டார். பீடோர் முகாமுக்குப் போக வேண்டியிருந்தால்கூட நெடுஞ்சாலையில் அடுத்த ஊரான சுங்கை வரை போய் இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவார். பாசாரில், சந்தை நெரிசலில், யாராவது ஒரு பெண் பின்னாலிருந்து "அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுவார்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசினார். அதற்கு முன் அங்கே அவர் வாய் திறந்ததே இல்லை. "எண்ணி முடிச்ச அன்னைக்கே, கொடி எறங்குறதுக்கு முன்னாலயே பேர வாசிக்கணும். வராத பிள்ளைக்கு அன்னைக்கே நேர்ல போய்ச் சொல்லணும். முடியாதுன்னா வேற செயலாளர் பாத்துக்குங்க." காரணம் சொல்லவில்லை. அர்ச்சுனன் மாஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார், மறுக்கவில்லை. விதி நிறைவேறியது. கோவிட்டில் போன இரண்டு வருடம் தவிர ஒவ்வொரு தேர்தலிலும் அப்படியே நடந்தது.

போன 2024 ஜூலையில் தேர்தல் முகாம் பீடோருக்கு அருகே, முன்பு தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருந்த திடலில் நடந்தது. சனிக்கிழமை காலை ஓட்டுப் பதிவு. மாலை நான்கு மணிக்கு எண்ணி முடித்தார்கள். நான்கு பெயர்கள் வந்தன. அதில் ஒன்று ஷர்மினி. பதினைந்து வயது, பீடோர்ப் படை.

மத்தியானத்திலிருந்து ஓட்டு எண்ணும் இடத்தைவிட்டு நகராத பத்துமலை வெளியே வந்து தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார்.

"ஷர்மினி எங்கடா?"

அவளுடைய படைத் தலைவன் பவித்ரன் ஓடிவந்தான். "மத்தியானமே காய்ச்சல்னு அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு சார். நீங்க ஓட்டுப்பெட்டிகிட்ட இருந்தீங்க, டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. கிளினிக்ல பாத்துட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களாம். டிங்கியாம் சார், அந்தக் கொசுக் காய்ச்சல்."

பத்துமலைக்குக் காது அடைத்தது. பவித்ரனின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஷர்மினியின் எண்ணுக்கு அடித்தார், மணி அடிக்காமலே அறுந்தது. செய்தி அனுப்பினார். ஒரே ஒரு சாம்பல் டிக் விழுந்து அப்படியே நின்றது. அவளுடைய அப்பா தர்மாவுக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு நான்கு பெயர்களையும் வாசித்தார். மூன்று பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். கைத்தட்டல் ஓய்வதற்குள் ஷர்மினியின் கழுத்துத்துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். நடை ஓட்டமாகிவிட்டது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. தாப்பா தாண்டியபோது முன்னால் போகும் லோரியின் சிவப்பு விளக்கு தவிர வேறெதுவும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கியிருந்தார். வேகமாகப் போகப் பயம். மெதுவாகப் போகவும் பயம். டிங்கியில் இரத்தத் தட்டணுக்கள் எப்படிச் சரசரவென்று இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்றாள், சனிக்கிழமை உயிரோடு இல்லை. இப்போது அந்தத் திடலில் இருந்த அத்தனை பேருக்கும் ஷர்மினியின் பெயர் வந்தது தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். "முருகா, ஒரு மணி நேரம்" என்று வாய்விட்டுச் சொன்னார். "ஒரு மணி நேரம் குடு, போதும்."

மருத்துவமனையை அடைந்தபோது ஆறரை. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லிப்டுக்கு முன்னால் கூட்டம். நான்கு மாடியும் படியில் ஏறினார். வார்டு வாசலில் நின்றபோது மூச்சு விசிலடித்தது, தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. தாதி ஒருத்தி, "மாமா, உட்காருங்கள்" என்று மலாயில் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். நோயாளி என்று நினைத்துவிட்டாள்.

ஷர்மினி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கையில் டிரிப், உதடு வெடித்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. கட்டிலின் இந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு பெண் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்று பத்துமலை நினைத்தார்.

"ஷர்மினி."

கண் திறந்தாள். "சார்?"

"பேரு வந்திருச்சும்மா. ஒன் பேரு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு வாசிச்சேன்." பையிலிருந்து துணியை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். அதுவும் நனைந்திருந்தது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சிரிக்க முயன்றாள், உதடு வலித்தது போல. பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெல்லிய குரலில் சொன்னாள்:

"பாத்தீங்களா பெரியம்மா? நான் சொன்னேன்ல. அன்னைக்கே சொல்லிருவாங்க. அதுதான் ரூல்."

அந்தப் பெண் திரும்பினார். புனிதா.

பத்துமலை பின்னுக்கு நகர்ந்ததில் டிரிப் கம்பி ஆடியது. புனிதா ஷர்மினியின் பக்கத்து வீடு. அவளுடைய அம்மா தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்ததால், தர்மாவுடன் துணைக்கு வந்தவர். தர்மா கீழே பதிவு முகப்பில் வரிசையில் நின்றார். இதெல்லாம் பத்துமலைக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான்: ஐந்து வருடம் எந்த முகத்துக்குப் பயந்து ஊரைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டினாரோ அந்த முகம் ஒரு முழ தூரத்தில் இருக்கிறது.

"ரெஸ்ட் எடும்மா. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஏறக்குறைய ஓடினார். நடைவழியில் லிப்டுப் பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினார்.

"அண்ணே. நில்லுங்க."

நின்றார். திரும்பவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாமலே இருந்துட்டேன். எங்க தனேஷுக்கு அந்த வருசம் விழுந்துச்சாண்ணே?"

பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்வி என்றாவது வரும் என்று தெரிந்து, "பழைய பேப்பரெல்லாம் இல்லம்மா, ஞாபகம் இல்ல" என்று கண்ணாடி முன்னாலேயே சொல்லிப் பார்த்திருந்தார். லிப்டு வந்து கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் அவர் ஏறுவாரா என்று பார்த்தார்கள். நாக்கு அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்தது. கதவு மூடிக்கொண்டது.

"விழுந்துச்சு தங்கச்சி" என்றார். "முப்பத்தொம்பது பேர்ல முப்பத்திநாலு பேரு போட்டாங்க."

புனிதா சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எண்ணின அன்னைக்கே."

"அவன் போனது?"

"பத்தொம்பது நாள் கழிச்சு. என்கிட்ட கேட்டான். நான் சொல்லல. டத்தோ சொல்லட்டும்னு சொல்லிட்டேன். அப்புறம் விருந்துலயும் வாசிக்கல. வேணாம்னாங்க, நானும் சரின்னுட்டேன்."

அவர் கத்துவார், அடிப்பார் என்று பத்துமலை எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார். புனிதா மிகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அன்னைக்குக் காலையில கால்ல சப்பாத்து மாட்டிக்கிட்டே சொன்னான். 'எனக்குக் கெடைக்கல போலம்மா. கெடைச்சிருந்தா சார் மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும்'னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒனக்கு என்னடா கொறச்சல், அந்தப் பிள்ளைங்களுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு. அந்தப் பிள்ளைங்க தீபாவளிக்கு என்னைப் பாக்க வந்துச்சுங்க, அண்ணே. வருசா வருசம் வந்துச்சுங்க. நான் கதவைத் தொறக்கல. என் புள்ளைக்கு ஓட்டுப் போடாத பிள்ளைங்க என் வீட்டுக்கு எதுக்குன்னு."

பத்துமலை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதை அவர் யோசித்ததே இல்லை. தன் பயத்தை மட்டுமே இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது இருக்கா?" என்றார் புனிதா.

"இருக்கு. சர்டிபிகேட்டும் இருக்கு."

"நாளைக்கு முகாம் முடியுறப்ப பெத்தவங்க எல்லாம் வருவாங்கல்ல? அங்க வாசிங்க. என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது." அவ்வளவு சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

பத்துமலை மருத்துவமனையிலிருந்து நேரே புந்தோங்குக்குப் போனார். ஈரச் சட்டையோடு அடுப்படியில் நின்று விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அர்ச்சுனன் மாஸ்டருக்குப் போன் செய்தார். அந்தக் குரலைக் கேட்டதுமே பழைய "சரி மாஸ்டர்" தொண்டைக்கு வந்தது.

"பழசக் கிளறாத, பத்துமலை" என்றார் மாஸ்டர். "நீ வாயத் தொறந்தா என் பேரும்தான் வெளிய வரும். நீ ஓட்டுற பஸ் யார் கம்பெனி? என் மச்சான் கம்பெனி. அதையும் கொஞ்சம் யோசிச்சுக்க."

போனை வைத்தார். ஐம்பத்துநான்கு வயது. வேறு எங்கே போய் யாரிடம் வேலை கேட்பது? விமலா சாதத்தைப் போட்டு முன்னால் வைத்தார்.

"உங்களுக்குப் போனா ஒரு வேலை போவும்" என்றார். "அந்தப் பொம்பளைக்குப் போனது புள்ள. சாப்புடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திடலில் இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள். ஷர்மினிக்குத் தட்டணுக்கள் இன்னும் இறங்குகின்றன என்று தர்மா காலையில் செய்தி அனுப்பியிருந்தார். அது ஒரு பயம். முன்வரிசையில் அர்ச்சுனன் மாஸ்டர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அது ஒரு பயம். கடைசியில், முழுக்கைச் சட்டையும் தலையில் கட்டிய துணியுமாகத் தோட்டத்து வேலையிலிருந்து அப்படியே வந்து புனிதா நின்றார். மற்ற எல்லாப் பயத்தையும்விட அது பெரிதாக இருந்தது.

பத்துமலை பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இத்தனை வருடமாகத் திடலின் மறுகோடிக்குக் கேட்ட குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பவித்ரன் ஓடிப்போய் மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"2019ல பீடோர்ப் படையில தனேஷ்னு ஒரு பையன் இருந்தான்" என்று ஆரம்பித்தார். "அவன சுடர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தாங்க. முப்பத்திநாலு ஓட்டு. அந்தப் பேர அன்னைக்கே வாசிச்சிருக்கணும். நான் வாசிக்கல. அவன் வந்து கேட்டப்பவும் சொல்லல. தெரியாமலே செத்துட்டான். விருந்துல வாசிக்கிறதில்லன்னு முடிவானப்ப நான் சரின்னு சொன்னேன். அவங்கம்மாகிட்ட அஞ்சு வருசமா சொல்லாம ஒளிஞ்சுகிட்டுத் திரிஞ்சேன். இப்ப வாசிக்கிறேன்."

சான்றிதழை எடுத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெயரையும் படையையும் ஆண்டையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

யாரும் கைத்தட்டவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த ஓர் இளைஞன், பழைய சாரணன், இப்போது தம்பியை அழைத்துப் போக வந்தவன், எழுந்து நின்று மூன்று விரல் உயர்த்திச் சாரணர் வணக்கக்குறி வைத்தான். அவனைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்தார்கள். புனிதா நடுவே நடந்து வந்து சான்றிதழையும் ஓட்டுத் தாளையும் வாங்கிக்கொண்டார். பத்துமலையின் முகத்தைப் பார்க்கவில்லை. வணக்கக்குறி வைத்துக்கொண்டு நின்ற அந்த இளைஞனிடம் போனார்.

"நீ போட்டியாப்பா அவனுக்கு?"

"போட்டேன் ஆன்டி. நாங்க அவனுக்குத்தான் கெடைக்கும்னு நெனச்சோம். பேரு வரலன்னதும் எங்களுக்கே ஒண்ணும் புரியல. எண்ணினதுல தப்புன்னு பேசிக்கிட்டோம்."

அதைக் கேட்டபோதுதான் புனிதா அழுதார்.

ஷர்மினிக்குத் திங்கள்வரை இறங்கிய தட்டணு எண்ணிக்கை செவ்வாய்க்கிழமை ஏறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வீடு திரும்பினாள். அர்ச்சுனன் மாஸ்டர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. உடல்நிலை சரியில்லை என்று கடிதம் வந்தது, தலைவர் பதவியும் அதோடு போனது. பத்துமலையும் செயலாளர் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். இருக்கும்படி பலர் சொன்னார்கள். கூடாரம் அடிக்கவும் சாமான் ஏற்றவும் வருகிறேன், பட்டியல் இனி என் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார். பஸ் வேலை போகவில்லை. ஆனால் வருட முடிவுவரை ஒவ்வொரு காலையும் கம்பெனி வாசலில் மேலாளர் கையைக் காட்டி நிறுத்துவாரோ என்று பயந்துகொண்டேதான் சாவியை வாங்கினார்.

செப்டம்பரில் ஒருநாள் புனிதாவிடமிருந்து போன் வந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தித்தான் அவரால் எடுக்க முடிந்தது.

"அந்த முப்பத்திநாலு பேரு யாரு யாருன்னு வேணும்."

"அது தெரியாது தங்கச்சி. ரகசிய ஓட்டு. படையில இருந்த முப்பத்தொம்பது பேரோட பேரு வேணா இருக்கு."

"அப்ப எல்லாரையும் குடுங்க. தனேஷ் பொறந்த நாளைக்குச் சாப்பாடு போடுறேன். போடாத அஞ்சு பேரும் வரட்டும். அவங்க மேலயும் நான் கதவச் சாத்தியிருக்கேன்." பிறகு சொன்னார்: "நாலு பேரு தஞ்சோங் மாலிம் யூனிவர்சிட்டில படிக்கிறாங்களாம். உங்ககிட்ட வேன் இருக்குல்ல? கூட்டிட்டு வாங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. பத்துமலை கேட்டதும் இல்லை. பிறந்த நாளன்று காலை அவர் அந்த நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் ஏறாமல், பழைய சாலையிலேயே வந்தார். கொய்யாத் தோட்டத்தைத் தாண்டும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்சீட்டில் பிள்ளைகள் தனேஷைப் பற்றி ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். புனிதாவின் வீட்டு வாசலில் இருபது சோடிச் செருப்புக்குமேல் கிடந்தது. கதவு திறந்திருந்தது.